மின்சாரம் அளிக்கும் ஜன்னல் கண்ணாடி

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் கடமை எனக்கு ஏற்பட்டது. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த கட்டட நிதியைக் கொண்டு, முன்புறம் விற்பனைக்கூடமும் பின்புறம் பொதுத் தறிக்கூடமுமாகப் புதிய கட்டடம் ஒன்றை எழுப்ப அச்சங்கத்தார் முற்பட்டிருக்கின்றனர். அந்நிதி வானத்திலிருந்து விழுந்ததன்று. லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளாமல் அங்கத்தினர்கள் விட்டுவைத்த பணம். பண்டிகைக் கால விற்பனையில் மிஞ்சிய பணம். ஆகவே, அதில் ஒவ்வொரு ரூபாயைப் பற்றியும் குழுவினர் இருமுறை யோசிப்பது இயல்பே.

அன்று மேஜையின்மீது ஒரு சாண் அளவுள்ள கண்ணாடித் துண்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. இலேசான பழுப்பு நிறம்; மறுபுறம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதன் ஓரத்தில் இரண்டு மெல்லிய கம்பிகள் இருந்தன. வெயிலில் பிடித்தபோது அக்கம்பிகளில் இணைத்திருந்த சிறு விளக்கு எரிந்தது. வியாபாரப் பிரதிநிதி ஒருவர் அதனை விட்டுச் சென்றிருந்தார். விற்பனைக்கூடத்தின் முகப்புக்கும் தறிக்கூடத்தின் ஜன்னல்களுக்கும் இக்கண்ணாடியைப் பொருத்திவிட்டால் மின்சாரக் கட்டணமே இராது என்றும், மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் எவையும் தேவையில்லை என்றும் அவர் கூறினாராம். விலையோ சாதாரணக் கண்ணாடியின் விலையைப்போலப் பல மடங்கு.

குழுவினர் சிலருக்கு ஆவல், சிலருக்கு ஐயம். அப்போது எழுபது வயது கடந்த அங்கத்தினர் ஒருவர் என்னை நோக்கி, "ஐயா, வெளிச்சமும் உள்ளே வரவேண்டும், அதே வெளிச்சம் மின்சாரமாகவும் மாறவேண்டும் என்கிறாரே! ஒரே சேலையை இரண்டு பேருக்கு விற்க முடியுமா?" என்று கேட்டார்.

அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. முடிவை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கும்படி வேண்டிக்கொண்டேன். பிறகு படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை, இத்தகைய கேள்வி வேறு சங்கங்களிலும் எழக்கூடும் என்னும் கருத்தால், ஈண்டு எழுதலானேன்.

வெயில் மின்சாரமாவது எவ்வாறு?

ஒளி படும்போது சில பொருள்களில் மின்னோட்டம் உண்டாகிறது என்பதை 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கெரல் கண்டறிந்தார். ஆயினும், அது பயன்படும் கருவியாக உருவாக நூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனைக் கொண்டு சூரிய மின்கலம் ஒன்றைச் செய்து காட்டினர். தன்மீது விழுந்த வெயிலின் சக்தியில் சுமார் 6 சதவீதத்தை அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடைகளில் கிடைக்கும் சிலிக்கன் தகடுகள் 20 சதவீதத்திற்கும் மேல் மாற்றுகின்றன.

அதன் வேலை முறை கடினமானதன்று. மணலிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மை செய்யப்பட்ட சிலிக்கனின் ஒரு பக்கத்தில் மிகச் சிறிதளவு பாஸ்பரசும் மறுபக்கத்தில் மிகச் சிறிதளவு போரானும் சேர்க்கின்றனர். இரு பக்கமும் சந்திக்கும் இடம் ஒருவழிக் கதவுபோல் அமைந்துவிடுகிறது. ஒளி என்பது சிறு சிறு சக்திப் பொட்டலங்களாக வருவது. அவ்வாறு வரும் பொட்டலம் ஒன்றைச் சிலிக்கன் விழுங்கும்போது, அதனுள் கட்டுண்டிருந்த எலெக்ட்ரான் ஒன்று விடுபடுகிறது. ஒருவழிக் கதவு அதனை ஒரே திசையில் தள்ளுகிறது. இவ்வாறு கோடானுகோடி எலெக்ட்ரான்கள் ஒரே திசையில் ஓடுவதே மின்னோட்டம்.

இங்கு நாம் மனத்தில் இருத்த வேண்டிய சொல் "விழுங்கும்போது" என்பது. விழுங்கப்பட்ட ஒளியே மின்சாரமாகும். ஊடுருவிச் சென்ற ஒளியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் கிடைக்காது. மாடியில் வைக்கும் தகடுகள் கருநிறமாக இருப்பதன் காரணமும் இதுவே. தம்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை அவை திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுகின்றன. கண்ணுக்கு வந்து சேர மிச்சம் இல்லாமையால் கறுத்துத் தோன்றுகின்றன.

வெயிலின் பேரேடு

சாயப் பட்டறையை அறிந்த நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வெயிலில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. அரக்கு நிறம் ஏறிய நூல் அரக்காகத் தோன்றுவதேன்? அச்சாயம் நீலத்தையும் பச்சையையும் தன்னுள் வாங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. சாயம் எதை வாங்கிக்கொண்டதோ அது நமக்குத் தெரிவதில்லை. எதை விட்டுவிட்டதோ அதுவே தெரிகிறது. கண்ணாடிக்கும் இதே கணக்குத்தான். அதன்மேல் விழும் ஒளி 100 பங்கு என்றால், திரும்பிச் செல்வது, விழுங்கப்படுவது, ஊடுருவுவது ஆகிய மூன்றும் சேர்ந்து 100 ஆக வேண்டும். வரவு ஒன்று, பற்று மூன்று. எந்தக் கணக்கரும் இதனை 110 ஆக்க இயலாது.

ஆகவே, பெரியவரின் ஐயம் முற்றிலும் நியாயமானதே. ஒரே ஒளியை இருமுறை விற்க முடியாது.

ஆனால், வெயில் முழுவதும் ஒரே சரக்கன்று என்பதையும் அறிய வேண்டும். பூமியை வந்தடையும் சூரிய சக்தியில் ஏறத்தாழ 45 சதவீதமே நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளி. சுமார் 5 சதவீதம் ஊதா நிறத்திற்கு அப்பாற்பட்ட புறஊதாக் கதிர். சாயத்தை வெளிறச் செய்வதில் முன்னிற்பது. எஞ்சிய பாதியளவும் சிவப்புக்கு இப்பாற்பட்ட அகச்சிவப்புக் கதிர். இதனை நாம் காண்பதில்லை, வெப்பமாக உணர்கிறோம். ஜன்னலின் வழியே நாம் பார்ப்பதற்கு இப்பாதி சிறிதும் உதவுவதில்லை.

கண்ணுக்கு வேண்டிய பங்கை உள்ளே விட்டு, கண்ணுக்கு வேண்டாத பங்கை மட்டும் விழுங்கும் கண்ணாடி ஒன்றைச் செய்ய முடியுமானால் எவருக்கும் நஷ்டம் இல்லை. சேலை ஒன்றுதான், ஆனால் தறியிலிருந்து இறக்கும்போது விளிம்பில் எஞ்சும் நூலை வேறொருவருக்கு விற்கிறோம் என்று சொல்லலாம். விஞ்ஞானிகள் இன்று முயல்வது இதற்கே. எனினும், சந்தையில் மின்சாரக் கண்ணாடி என்று சொல்லப்படுபவை யாவும் அவ்வாறு செய்வதில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, இடைவெளி விடுதல். சாதாரணச் சிலிக்கன் துண்டுகளையே இரு கண்ணாடிகளுக்கிடையில் சற்றுத் தள்ளித் தள்ளிப் பதிக்கின்றனர். துண்டு உள்ள இடம் மின்சாரம் தருகிறது. இடைவெளி வெளிச்சம் தருகிறது. நெருக்கமாக நெய்த துணிக்கும் சல்லாத் துணிக்கும் உள்ள வேற்றுமையே இது. இன்னொரு வகையில், கண்ணாடிமேல் மிக மெல்லிய சிலிக்கன் பூச்சைப் பூசி, லேசர் ஒளியால் நுண்ணிய கோடுகளாகச் சுரண்டி வெளிச்சத்திற்கு வழி செய்கின்றனர். லண்டன் மாநகரின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம் 2012ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் கூரையில் மின்கலங்கள் பதித்த 1,392 கண்ணாடித் தகடுகள் அமைக்கப்பட்டன. அவற்றின் திறன் 240 கிலோவாட். ஆண்டுக்குச் சுமார் 1,75,000 யூனிட் கிடைக்கும் என்று மதிப்பிடப்பட்டது. இது பெரிய அளவே. ஆனால், அக்கண்ணாடிகள் வானத்தை நோக்கிய கூரையில் உள்ளவை. சுவரில் உள்ளவையல்ல என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் வழி, சாயத்தைக் கொண்டே மின்சாரம் எடுத்தல். 1991ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் மைக்கேல் கிரேட்சல் என்னும் பேராசிரியரும் பிரையன் ஓ ரீகன் என்பவரும் இதனை வெளியிட்டனர். வெள்ளைப் பெயிண்டில் சேர்க்கப்படும் டைட்டானியம் டயாக்சைடு என்னும் பொருளை நுண்துளைகள் உள்ள படலமாகக் கண்ணாடியில் படியச் செய்து, அதனைச் சாயத்தில் தோய்த்தெடுக்கின்றனர். நூல் சாயத்தைப் பற்றுவதுபோலவே அப்படலமும் பற்றிக்கொள்கிறது. ஒளி பட்டதும் சாயம் எலெக்ட்ரானை வெளியிடுகிறது. வெள்ளைப் படலம் அதனை வாங்கிக் கம்பிக்கு அனுப்புகிறது. இழந்த எலெக்ட்ரானை அயோடின் கலந்த திரவம் ஒன்று சாயத்திற்குத் திருப்பிக் கொடுக்கிறது. பச்சிலை வெயிலை வாங்குவதும் ஏறத்தாழ இம்முறையிலேயே தொடங்குகிறது. பழச்சாற்றின் நிறத்தைக்கொண்டுகூடப் பள்ளி மாணவர்கள் இத்தகைய மின்கலத்தைச் செய்து பார்க்கின்றனர். அதில் கிடைப்பது மிகச் சொற்பமே என்பது வேறு. கிரேட்சலின் முதல் மின்கலம் 7 சதவீதத்திற்குச் சற்று மேல் திறன் காட்டியது.

2014ஆம் ஆண்டில் அதே லோசான் நகரின் தொழில்நுட்பக் கழகத்தில் மாநாட்டு மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் மேற்கு முகப்பில் சுமார் 300 சதுர மீட்டர் பரப்புக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைச் சாயல்களில் இக்கண்ணாடிகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டுள்ளன. மாலை வெயில் மண்டபத்தைச் சூடாக்காமல் நிழல் தருவதும் அவற்றின் வேலை. காண்பதற்கு அழகு, மின்சாரமும் உண்டு. ஆயினும், உள்ளே விழும் வெளிச்சம் நிறமேறிய வெளிச்சம். இதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

மூன்றாம் வழியே, மேலே சொன்னவாறு, கண்ணுக்குத் தெரியாத கதிரை மட்டும் நாடுவது. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லண்ட் என்பாரும் அவருடைய குழுவினரும், புறஊதாவையும் அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் விழுங்கி, அச்சக்தியைக் கண்ணாடியின் ஓரத்திற்குக் கடத்தும் பொருளைக் கண்டனர். ஓரத்தில் பொருத்திய சிறு மின்கலங்கள் அதனை மின்சாரமாக்கின. கண்ணாடி ஏறத்தாழத் தெளிவாகவே இருந்தது. ஆனால், திறன் சுமார் 1 சதவீதமே. 2020ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனமான மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், கரிமச் சேர்மங்களைக் கொண்டு செய்த மின்கலம் ஒன்று, வெளிச்சத்தில் 43.3 சதவீதத்தை உள்ளே விட்டு, 8.1 சதவீதத் திறனும் காட்டியது. இவ்வெண்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். சாதாரணத் தெளிந்த கண்ணாடி வெளிச்சத்தில் 90 சதவீத அளவை உள்ளே விடுகிறது; இதுவோ அதில் பாதிக்கும் குறைவாக விடுகிறது. மேலும், இவை ஆராய்ச்சிக்கூடத்துச் சிறு துண்டில் கிடைத்த எண்கள். பெரிய பரப்பில் செய்யும்போது திறன் குறைவது வழக்கம்.

இவ்வழிக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் விட்டுவிடும் ஓரடுக்கு மின்கலம், எவ்வளவு திருத்தமாகச் செய்யப்பட்டாலும் 20 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் என்றும், எல்லா ஒளியையும் விழுங்கும் மின்கலத்திற்கு அவ்வரம்பு 33 சதவீத அளவு என்றும் கணக்கிட்டிருக்கின்றனர். எனவே, வருங்காலத்தில் முன்னேற்றம் நிச்சயம் உண்டு. ஆனால், ஜன்னல் ஒருபோதும் கூரைக்கு இணையாகாது.

நம் ஊர் வெயிலும் ஜன்னலும்

இதுகாறும் கண்ணாடியைப் பற்றிப் பேசினோம். இனிச் சூரியன் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். பிரதிநிதியின் பேச்சில் வராததும், நமக்கு மிக முக்கியமானதும் இதுவே.

லோசான் நகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 46 பாகைக்கும் சற்று மேல் உள்ளது. மார்கழியில் அங்கு நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 20 பாகை உயரமே எழுகிறது. வெயில் ஏறத்தாழக் கிடையாக வந்து தெற்கு ஜன்னலில் நேராக விழுகிறது. தமிழ்நாட்டின் நடுப்பகுதியோ 11 பாகையில் உள்ளது. பங்குனியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேல் 79 பாகை உயரத்தில் நிற்கிறது. செங்குத்தான தெற்குச் சுவரில் அப்போது படும் நேர்வெயில், வெயிலை நேர்முகமாக நோக்கும் பரப்பில் படுவதில் ஐந்தில் ஒரு பங்குதான். வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே சென்றுவிடுவதால் நண்பகலில் அச்சுவருக்கு நேர்வெயிலே இல்லை. கிழக்கு ஜன்னலுக்குக் காலையிலும் மேற்கு ஜன்னலுக்கு மாலையிலும் வெயில் உண்டு; பாதி நாள் இல்லை. நம் நாட்டில் வெயிலைப் பெறுவது கூரை. அதிலிருந்து ஒதுங்கி நிற்பது ஜன்னல். நம் முன்னோர் வீடு கட்டியதும் அவ்வெண்ணத்தோடுதான்.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். 10 சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொள்க. அதனை மாடியில் 20 சதவீதத் திறனுள்ள தகடுகளால் நிரப்பினால் 2 கிலோவாட் அமைகிறது. நம் பகுதியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கிடைப்பது 8 யூனிட். அதே 10 சதுர மீட்டரைத் தெற்கு நோக்கிய ஜன்னலாக்கி, ஆராய்ச்சிக்கூடத்து 8 சதவீதத் திறன் குறையாமல் கிடைக்கிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அதன் திறன் 0.8 கிலோவாட். ஆண்டு முழுவதும் கூடிப் பார்த்தால் கூரையில் விழும் வெயிலில் பாதியளவு ஜன்னலில் விழுகிறது எனக் கொள்வோம். கிடைப்பது 1.6 யூனிட். ஐந்தில் ஒரு பங்கு! இதிலும் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு, எதிர்வீட்டு மாடி, கோடையில் நாம் போடும் பந்தல் ஆகியவற்றின் நிழலை நான் கழிக்கவில்லை. ஒரு தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் தொடராக இணைந்த மின்கலங்களின் ஓட்டம் அப்பகுதி அளவுக்கு மேலாகவே குறையும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தறிக்கு வேண்டிய வெளிச்சம்

மின்சாரக் கணக்கு இவ்வளவு. இனி, தறிக்கூடத்தின் கணக்கைப் பார்ப்போம். இது ரூபாயில் எழுத முடியாதது.

நெய்பவரின் கண் நாள் முழுவதும் பாவின்மேல் இருக்கிறது. அறுந்த இழையைக் கண்டுபிடிப்பதும், அச்சுக்கண்ணில் அதனைக் கோப்பதும், ஊடையின் நெருக்கம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பதும் வெளிச்சத்தைப் பொறுத்தவை. பாதி வெளிச்சத்தை விழுங்கும் கண்ணாடியை ஜன்னலில் பொருத்திவிட்டு, உள்ளே இருட்டாக இருக்கிறதென்று பகலில் விளக்கேற்றினால், ஜன்னல் சம்பாதித்ததை விளக்கு தின்றுவிடும். முதலில் இலவசமாக வந்த வெளிச்சத்தை விற்று, அதனையே விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும் இது.

நிறமேறிய கண்ணாடியாயின் இன்னொரு தீங்கும் உண்டு. பச்சைச் சாயல் உள்ள வெளிச்சத்தில் அரக்கு கறுப்பாகத் தோன்றும். சிவப்புச் சாயலில் மாம்பழ மஞ்சள் காவியாகத் தோன்றும். மயில்கழுத்துச் சேலையில் பாவின் நீலமும் ஊடையின் பச்சையும் வேறுபட்டுத் தெரிவதே கடினமாகும். ஒரு தார் நூல் நிறம் மாறிப் போய்விட்டால் சேலை முழுவதும் கழிவாகிவிடும் என்பதைச் சங்கத்தின் கிடங்கில் தேங்கிய சரக்கைப் பார்த்தவர் எவரும் அறிவர். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகள் செழித்திருந்த நாளில், அவற்றின் கூரையை ரம்பப் பற்கள்போல் அமைத்து, வடக்கு நோக்கிய சாய்வில் மட்டும் தெளிந்த கண்ணாடி வைத்தனர். நேர்வெயில் படாமல், நிறம் மாறாத, நிலையான வெளிச்சம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆலை முதலாளிகள் அறிந்திருந்த இதனை நாம் விட்டுக்கொடுக்கலாகாது.

எங்கே பொருந்தும்?

இவ்வளவு சொன்னதால் இக்கண்ணாடி பயனற்றது என்று கருதிவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய இடம் உண்டு. நாற்பது மாடிக் கட்டடத்திற்குக் கூரை சிறிது, சுவரெல்லாம் கண்ணாடி. கூரைத் தகடுகள் அதன் தேவையில் ஒரு மூலைக்கும் போதா. அத்தகைய கட்டடத்தில் வெயிலைக் குறைப்பதற்காக எப்படியும் நிறக்கண்ணாடி வாங்கியே தீர வேண்டும். வாங்கும் நிறக்கண்ணாடி மின்சாரமும் தருமானால், விலையின் வேற்றுமையை மட்டும் கணக்கில் கொண்டால் போதும். லோசான் மண்டபம் போன்றவற்றின் நியாயம் இதுவே.

விற்பனைக்கூடத்தின் காட்சிச் சாளரத்திற்கும் ஓரளவு நியாயம் உண்டு. அகச்சிவப்பைத் தடுத்தால் உள்ளே வெப்பம் குறையும்; புறஊதாவைத் தடுத்தால் அங்கு தொங்கும் சேலைகளின் சாயம் வெளிறுவது தாமதப்படும். எனினும், இவ்விரு பயனையும் தரும் வெப்பத்தடுப்புக் கண்ணாடிகளும் ஒட்டுப் படலங்களும் மின்சாரம் இன்றியே கிடைக்கின்றன. நன்றாக நீட்டிய சன்ஷேடு அவற்றிலும் மலிவு.

விவசாய அன்பர்களுக்கும் ஒரு சொல். பசுமைக்குடிலின் கூரைக்கு இத்தகைய பொருள் ஏற்றதா என்று பல நாடுகளில் ஆராய்கின்றனர். இலையின் பச்சையம் மிகுதியாக விரும்புவது சிவப்பையும் நீலத்தையுமே. எஞ்சிய ஒளியை மின்கலம் எடுத்துக்கொண்டால் செடிக்குக் கேடில்லாமல் போகலாம் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், இவ்வகை மின்கலங்கள் எடுக்கும் ஒளியை வடிகட்டிவிட்டு வளர்த்த சிவப்பு லெட்யூஸ் கீரை, முழு ஒளியில் வளர்ந்த கீரையினின்று குறிப்பிடத்தக்க வேற்றுமை காட்டவில்லை. இது நல்ல செய்தி. ஆனால், ஒரு கீரைக்குப் பொருந்தியது ஓசூர்ப் பகுதியின் ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. பிளாஸ்டிக் தாள் போர்த்திய நம் குடில்களின் இரும்புச் சட்டம் கண்ணாடியின் பாரத்தைத் தாங்குமா என்பதும் வேறு கேள்வி.

பிரதிநிதியிடம் கேட்க வேண்டியவை

கூட்டுறவுச் சங்கத்தின் பணம் பொதுப்பணம். அதனைச் செலவிடும் முன், கீழ்க்கண்டவற்றிற்கு எழுத்து மூலம் விடை பெறுதல் நலம்.

ஒன்று: கண்ணாடி உள்ளே விடும் வெளிச்சம் எத்தனை சதவீதம், மின் திறன் எத்தனை சதவீதம்? இரண்டும் ஒரே கண்ணாடிக்கு உரியவையா? தெளிவான மாதிரியின் வெளிச்சத்தையும் இருண்ட மாதிரியின் திறனையும் சேர்த்துச் சொல்வது உண்டு.

இரண்டு: அத்திறன் ஆராய்ச்சிக்கூடத்துத் துண்டுக்கா, நமக்கு விற்கப்போகும் முழு அளவுக் கண்ணாடிக்கா?

மூன்று: நம் கட்டடத்தில், நம் சுவர் நோக்கும் திசையில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று உறுதி கூறுகிறார்? வாட் கணக்கு போதாது. யூனிட் கணக்கு வேண்டும். நாம் கட்டணம் செலுத்துவது யூனிட்டுக்கே.

நான்கு: எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம்? சிலிக்கன் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் அளிப்பது வழக்கமாகிவிட்டது. சாயத்தையும் கரிமச் சேர்மங்களையும் கொண்ட மின்கலங்களுக்கு ஈரமும் காற்றும் பகை. அவற்றின் ஆயுளைப் பற்றிய அனுபவம் குறைவு.

ஐந்து: ஒரு கண்ணாடி உடைந்தால் அதே அளவில், அதே நிறத்தில் மாற்றித் தருவது யார், எத்தனை நாளில்? சட்டத்தினுள் செல்லும் கம்பி இணைப்புகளைப் பழுதுபார்ப்பது யார்?

ஆறு: அதே தொகைக்கு மாடியில் சாதாரணத் தகடுகள் வைத்தால் எத்தனை யூனிட் கிடைக்கும்? இவ்வொரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பெரும்பாலான பேச்சு முடிந்துவிடும்.

நிற்க. ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் இம்மாதம் கூடியது. மேற்கண்ட கணக்கைக் குழுவினர் முன் படித்தேன். பிரதிநிதிக்கு அனுப்பிய ஆறு கேள்விகளில் முதல் இரண்டுக்கு மட்டுமே விடை வந்திருந்தது. நெடுநேர விவாதத்திற்குப்பின், மாடியில் சாதாரணத் தகடுகள் அமைப்பதென்றும், தறிக்கூடத்தின் வடக்கு ஜன்னல்களைப் பெரிதாக்கித் தெளிந்த கண்ணாடி வைப்பதென்றும், விற்பனைக்கூடத்து முகப்புச் சட்டங்களைப் பிற்காலத்தில் வேறு கண்ணாடி மாற்றிக்கொள்ள ஏதுவான முறையில் அமைப்பதென்றும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கடைசிப் பகுதியை முன்மொழிந்தவர் இளைய அங்கத்தினர் ஒருவர். பத்து ஆண்டுகளில் விஞ்ஞானம் எங்கு செல்லும் என்பதை எவர் அறிவார் என்று அவர் சொன்னதும் நியாயமே.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, முதலில் கேள்வி கேட்ட பெரியவர் அந்தக் கண்ணாடித் துண்டைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறு விளக்கு எரிந்தது. "நல்ல பொருள்தான் ஐயா. ஆனால், இதன் வழியே பார்த்தால் என் வேட்டிக் கரையின் நிறம் எனக்கே தெரியவில்லை" என்றார். இருபது பக்கம் படித்து நான் அறிந்துகொண்டதை அவர் தம் வேட்டிக் கரையைப் பார்த்தே அறிந்துகொண்டார். புதிய பொருள் எதுவாயினும், அதனைத் தம் தொழிலின் கண்கொண்டு பார்க்கும் அங்கத்தினர்கள் உள்ளவரை, சங்கத்தின் நிதிக்குக் குறைவு வராது.